ஓடினால் முட்டி தேயாது, தெரியுமா?

மூட்டுவலிக்காரர்கள் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்வதை ஒரு பாடத்திட்டமாக்கி, விளைவை ஆண்டுக்கணக்கில் அளந்து, மருத்துவ இதழில் வெளியிட்ட ஊர் எது தெரியுமா? கலிஃபோர்னியாவில் இருக்கும் நம் சான்டா கிளாரா கவுண்டிதான்! இன்டெல், என்விடியா அலுவலகங்களிலிருந்து காரில் கிளம்பினால் அரை மணியில் ஸ்டான்ஃபோர்ட் போய்விடலாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1970களின் இறுதியில் கேட் லோரிக் என்ற செவிலியர் தொடங்கிய வகுப்பு அது. வாரத்துக்கு ஒருநாள், இரண்டு மணி நேரம், மொத்தம் ஆறு வாரம். வகுப்பை நடத்துபவர் டாக்டர் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண மனிதர், பலசமயம் அவருக்கே மூட்டுவலி இருக்கும்!

1993இல் லோரிக் குழுவினர் வெளியிட்ட முடிவைக் கேளுங்கள். வகுப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் ஆன பிறகும் வலி சராசரியாக 20 சதவீதம் குறைவு. டாக்டரைத் தேடிப் போவது 40 சதவீதம் குறைவு. ஆனால் அதே நான்கு ஆண்டுகளில் உடல் இயலாமை 9 சதவீதம் கூடியிருந்தது! நோய் தன்பாட்டுக்கு முன்னேறியிருக்கிறது, வலி மட்டும் பின்வாங்கியிருக்கிறது. இது எப்படி?

உடற்பயிற்சி அதிகம் செய்தவர்களுக்குத்தான் அதிகப் பலன் கிடைத்திருக்கும் என்று நினைத்துத் தேடினார்கள். அந்தத் தொடர்பு மெலிதாகத்தான் இருந்தது. ‘இதை என்னால் சமாளிக்க முடியும்’ என்ற நம்பிக்கை யாருக்கு வளர்ந்ததோ அவர்களுக்கே வலி குறைந்திருந்தது! அதே வளாகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இலேயே இந்த நம்பிக்கையைப் பற்றி ஒரு கோட்பாடு எழுதியிருந்தார். அதை எடுத்து வகுப்பையே மாற்றி அமைத்தார்கள். இந்த வாரம் என்ன செய்வேன், எவ்வளவு, எந்த நேரத்தில், எத்தனை நாள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். செய்துமுடிப்பேன் என்ற உறுதிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். 7க்குக் கீழே வந்தால் திட்டத்தைச் சின்னதாக்கிவிட வேண்டும்! ‘தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன்’ என்பதற்கு 4 போடுகிறீர்களா? ‘திங்கள், புதன், வெள்ளி மாலை பத்து நிமிடம்’ என்று குறைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 9 வரும். மருந்துச் சீட்டு இல்லாமல் இன்றே தொடங்கக்கூடியது இது. இதைவிட நல்ல முதல் படி எனக்குத் தெரியவில்லை.

ஐம்பதைத் தாண்டியும் ஓடியவர்கள்

லோரிக்குடன் சேர்ந்து 1980இல் மூட்டுவலிக்காரர்களுக்கான கையேடு எழுதியவர் ஜேம்ஸ் ஃப்ரீஸ், ஸ்டான்ஃபோர்ட்டின் மூட்டுநோய் மருத்துவர். 1984இல் அவர் ஒரு காரியம் செய்தார். ஐம்பது வயதைத் தொட்ட, தாண்டிய ஓட்டக்காரர்கள் 538 பேர், ஓடாதவர்கள் 423 பேர், இரு குழுவையும் ஆண்டுதோறும் விசாரித்துக்கொண்டே வந்தார். வயதான காலத்தில் ஓடினால் முட்டி ஒழிந்துபோகும் என்று பலர் எச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது.

19 ஆண்டுகள் கழித்து ஓடாதவர்களில் 34 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஓடியவர்களில் 15 சதவீதம்! நடமாட்டச் சிரமங்கள் ஓடியவர்களுக்கு ஏறத்தாழ 16 ஆண்டுகள் தள்ளிப்போய் வந்தன! சரி, முட்டி? ஒரு சிறு குழுவினரின் முட்டிகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் ஓட்டக்காரர்களுக்குத் தேய்மானம் கூடுதலாக இல்லவே இல்லை. ஓடுகிறவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள்தானே என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. வயது, எடை, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி நின்றது. 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம், ஆசைக்கு ஓடுகிறவர்களில் வெறும் 3.5 சதவீதம்! போட்டிக்கென்றே ஓடுகிற வீரர்களிடம் மட்டும் 13.3க்கு ஏறியது. ஆக, அளவோடு ஓடுகிறவர் சோபாவில் இருப்பவரைவிடப் பத்திரம்!

காரணம் மூட்டுக்குள்ளேயே இருக்கிறது. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது தெரியுமா? நரம்பும் கிடையாது! அதற்கு உணவு எப்படிப் போகிறது? நீங்கள் காலை ஊன்றும்போது அது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, பஞ்சு தண்ணீர் உறிஞ்சுகிற மாதிரி மூட்டு நீரைக் குடிக்கிறது. நல்ல முட்டிக்குள் அந்த நீர் ஒரு தேக்கரண்டிகூட இராது. நாள் முழுக்க நாற்காலியில் அசையாமல் இருந்தால் குருத்தெலும்பு பசியோடு இருக்கிறது என்று பொருள். நடை அதற்குச் சாப்பாடு!

லீவைஸ் ஸ்டேடியத்தை ஒட்டிப் போகிறதே சான் தாமஸ் அக்கீனோ ஓடைப் பாதை, அது சமதளம், சிக்னல் தொல்லை குறைவு. முட்டிவலியோடு நடக்கத் தொடங்குகிறவர்களுக்கு அருமையான இடம். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் 4 கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்திருக்கிறார்கள். 5 கிலோ குறைத்தவருக்கு அடிக்கு 20 கிலோ லாபம்!

பாட்டியின் நெட்டி

கலிஃபோர்னியாவின் தவுசண்ட் ஓக்ஸ் ஊரில் டொனால்ட் அங்கர் என்ற டாக்டர். விரலை நெட்டி முறித்தால் மூட்டுவலி வரும் என்று சின்ன வயதில் வீட்டார் மிரட்டியிருக்கிறார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இடது கையை மட்டும் நெட்டி முறித்தார், வலது கையை விட்டுவிட்டார்! கடைசியில் இரு கைகளையும் ஒப்பிட்டால், எதிலும் மூட்டுவலி இல்லை. 1998இல் அதை மருத்துவ இதழுக்கு எழுதி, 2009இல் வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக்-நோபல் பரிசும் வாங்கினார். பேரனுக்குக் கண்ணேறு கழித்து, இரு கைகளாலும் நெற்றிப்பொட்டில் நெட்டி முறிக்கிற பாட்டிமார்களே, தாராளமாக முறியுங்கள்!

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? 2018இல் ஸ்டான்ஃபோர்ட்டில் இருந்த வினீத் சந்திரன் சுஜா, பாரீஸ் அருகில் பணியாற்றிய அப்துல் பராக்கத் என்பவரோடு சேர்ந்து சமன்பாடுகள் எழுதிக் கணக்கிட்டார். மூட்டு நீரில் உள்ள வாயுக் குமிழி ஓரளவு சுருங்கி உடைவதே அந்தச் சொடக்கு என்பது அவர்கள் கணக்கு. இன்னமும் விவாதம் ஓயாத விஷயம் இது. ஆனால் வலியில்லாமல் முட்டியில் கேட்கும் ‘டக்’ ஓசைக்கு நடுங்க வேண்டியதில்லை. வலியோ வீக்கமோ சேர்ந்து வந்தால் மட்டும் காட்டுங்கள்.

மிளகாய்க்கு ஒரு நோபல் பரிசு

இது எனக்கு மிகவும் பிடித்த கதை! கிளி ஏன் பச்சை மிளகாயை ஆனந்தமாகக் கடித்துத் தின்கிறது தெரியுமா? அதற்குக் காரமே தெரியாது! சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜூலியஸ் 1997இல் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைத் தூண்டிலாகப் போட்டு, நம் நரம்பு நுனியில் இருக்கும் ஒரு வாசலைக் கண்டுபிடித்தார். அந்த வாசல் கேப்சைசினுக்கும் திறக்கும், ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்கும் திறக்கும். மிளகாய் ‘சுடுகிறது’ என்று நாக்கு உணர்வதற்குக் காரணம் இரண்டுக்கும் வாசல் ஒன்றே என்பதுதான்! பறவைகளின் வாசல் கேப்சைசினைக் கண்டுகொள்வதில்லை. 2021இல் இதற்கு நோபல் பரிசு. கூடப் பகிர்ந்துகொண்டவர் இதே மாநிலத்தின் லா ஹோயாவில் இருக்கும் ஆர்டெம் படபூட்டியன். தொடுகையையும், கண்ணை மூடிக்கொண்டாலும் கை கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வையும் தரும் வாசல்களைக் கண்டுபிடித்தவர்.

வலிக்கு இதில் என்ன? கேப்சைசினைத் தோலில் திரும்பத் திரும்பத் தடவினால் அந்த நரம்பு நுனி சலித்துப்போய், வலிச் செய்தி அனுப்புவதைக் குறைத்துக்கொள்கிறது! அதனால்தான் இங்கே மருந்துக் கடைகளில் கேப்சைசின் களிம்பு சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஒருநாள் தடவிவிட்டுப் பயனில்லை என்று வீசாதீர்கள். தினமும் சில வேளை, ஓரிரு வாரமாவது தடவ வேண்டும். முதல் சில நாள் எரியும். கையை நன்றாகக் கழுவாமல் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள். சமையலறையில் மிளகாய் அரைத்து முட்டியில் அப்பும் வேலை வேண்டவே வேண்டாம், தோல் புண்ணாகிவிடும்.

2002இல் ஜூலியஸும் படபூட்டியனும் தனித்தனியாக இன்னொரு வாசலையும் கண்டார்கள். குளிர்ச்சிக்கும் மெந்தாலுக்கும் திறக்கும் வாசல்! அப்படியானால் நம் வீட்டு அமிர்தாஞ்சன் டப்பாவை நினைத்துப் பாருங்கள். 1893இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு பம்பாயில் தொடங்கி, பிறகு சென்னைக்குக் கொண்டுவந்த தைலம். மயிலாப்பூர் லஸ்ஸில் அவர் பெயரில் பூங்காவே இருக்கிறது. அதைத் தடவியதும் ‘ஜில்’ என்று ஏறுவது குளிர் வாசல் திறக்கும் வேலை. அந்த வாசலுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம் பாட்டிமார் கையில் சாவி இருந்திருக்கிறது!

ஊட்டியில் வாங்கி வந்த நீலகிரித் தைலத்தைத் திறந்தால் வருகிற வாசம், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக் குன்றுகளில் நடக்கும்போதும் வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? இரண்டு இடத்துக்கும் அந்த மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது!

இரண்டு எச்சரிக்கை மட்டும். தைலம் தடவிய இடத்தில் கட்டுப்போட்டு இறுக்கவோ ஹீட்டிங் பேட் வைக்கவோ கூடாது. அபூர்வமாகத் தோல் வெந்துபோன நிகழ்வுகள் பற்றி 2012இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. குழந்தை இருக்கும் வீட்டில் கற்பூரம் கலந்த தைலமும் பூஜைக் கற்பூரமும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சிறிதளவு விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

எலி பிறந்த ஊரும் பக்கத்தில்தான்

உங்கள் மணிக்கட்டை வதைக்கும் கணினி மௌஸ் எங்கே பிறந்தது தெரியுமா? மென்லோ பார்க்கில்! டக்ளஸ் எங்கல்பார்ட்டின் ஆய்வுக்கூடத்தில் 1964இல் செய்த முதல் மௌஸ் மரத்தால் ஆனது. அது பரவிய தேசங்களிலெல்லாம் மணிக்கட்டு வலியும் பரவியது. மௌஸ் விசைப்பலகையை ஒட்டி, முழங்கை விலாவை விட்டு விலகாத தூரத்தில் இருந்தால் தோளுக்குப் பாதி வேலை மிச்சம். கையை நீட்டி நீட்டி எட்டிப் பிடிப்பதுதான் வினை.

தொடர் வேலையால் வரும் காயங்களுக்கென்று கலிஃபோர்னியாவில் தனி விதியே இருக்கிறது தெரியுமா? 1997 முதல் நடப்பில் இருக்கும் 5110ஆம் பிரிவு! ஒரே மாதிரி வேலை செய்யும் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு 12 மாதத்துக்குள் இப்படிப்பட்ட காயம் என்று டாக்டர் உறுதிசெய்து, வேலைதான் முதன்மைக் காரணம் என்றும் ஆகிவிட்டால், நிறுவனம் இடத்தை ஆராய்ந்து, சரிசெய்து, பயிற்சியும் தர வேண்டும். விசாவை நினைத்து வாயைத் திறக்காமல் வலியோடு தட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, டாக்டரிடம் போய்ப் பதிவுசெய்யுங்கள். சொன்னால்தான் கணக்கில் ஏறும்.

கழுத்து விஷயம் இன்னும் திகைப்பு! நம் தலை ஏறத்தாழ 5 கிலோ. போனைப் பார்க்க 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பு உணரும் பாரம் 27 கிலோ என்று 2014இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அறுவை நிபுணர் கணினி மாதிரியில் கணக்கிட்டார். அதனால் எல்லாருக்கும் வலி வந்தே தீரும் என்பதில்லை. ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதுதான் முதல் எதிரி. போனைக் கண்ணுக்கு ஏற்றுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள். மேனேஜர் முறைக்கிறாரா? 2014இல் ஸ்டான்ஃபோர்ட்டில் மேரிலி ஒப்பெஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் செய்த ஆய்வைக் காட்டுங்கள். நடக்கும்போது புதுப் புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின! வெறும் சுவரைப் பார்த்து டிரெட்மில்லில் நடந்தவர்களுக்குக்கூட!

பேரக்குழந்தையும் கட்டைவிரலும்

மகள் பிரசவத்துக்கென்று சேலத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ ஆறு மாதம் வந்திருக்கும் அம்மாக்களுக்கு, மூன்றாம் மாதம் கட்டைவிரல் அடியில் ஒரு வலி தொடங்கும். டம்ளரைப் பிடிக்க முடியாது, துணியைப் பிழிய முடியாது. ‘வாதம்’ என்று சொல்லிக் கவலைப்படுவார்கள். இதை 1895இலேயே சுவிட்சர்லாந்தின் ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் விவரித்துவிட்டார் தெரியுமா! கட்டைவிரலை விரித்து, குழந்தையின் அக்குளில் கொடுத்துத் தூக்கித் தூக்கி, அந்த விரலின் தசைநார் உறை வீங்கிப்போகிறது. இளந்தாய்களுக்கும் இதே கதை. மருந்து ஒருபுறம் இருக்கட்டும், தூக்கும் விதத்தை மாற்றுங்கள். உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கையைக் குழந்தையின் புட்டத்தடியிலும் மறு கையை முதுகிலும் கொடுத்து அள்ளுங்கள். சில வாரம் கட்டைவிரலுக்குப் பட்டை போட்டு ஓய்வு கொடுத்தால் பலருக்கும் தணிந்துவிடுகிறது.

தோள்பட்டை இறுகி, பின்னல் போடவும் புடவைத் தலைப்பை எடுத்துப் போடவும் கை எழும்பாமல் நிற்கிறதா? சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள்! சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தத் தோள் இறுக்கம் மற்றவர்களைவிடப் பல மடங்கு வருகிறது. தோள் ஏன் பிடிக்கிறது என்று பார்க்கப் போய் சர்க்கரை தெரியவந்தவர்களும் உண்டு.

ஸ்கேனைப் பார்த்துப் பதறாதீர்கள்

இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, ‘டிஸ்க் தேய்ந்திருக்கிறது’ என்ற வரியைப் படித்ததும் இடிந்துபோய் உட்கார்ந்துவிடும் முப்பது வயதுக்காரர்களைப் பார்க்கும்போது என் மனம் பதைக்கிறது. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது! எண்பது வயதில் 96 சதவீதம்! ஒருவருக்கும் வலி இல்லை! நரை விழுவது முடிக்கு என்றால் தேய்வது டிஸ்குக்கு, அவ்வளவுதான்.

படுத்தே கிடந்தால் சரியாகுமா? 1995இல் ஹெல்சின்கி நகர ஊழியர்களை மூன்று குழுவாக்கினார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சி, மற்றவர்கள் வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான வேலை. சீக்கிரம் தேறியவர்கள் யார் தெரியுமா? வழக்கமான வேலையைப் பார்த்தவர்கள்! வெறுந்தரையில் படுத்தால் நல்லது என்பதும் அப்படியே. ஸ்பெயினில் 313 பேரிடம் சோதித்து 2003இல் சொன்னார்கள், கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையே முதுகுக்கு இதம் என்று.

இன்னொன்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வு. முதுகுவலி வந்து போன 701 பேர். படிப்படியாகக் கூட்டும் நடைத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். காசில்லாத மருந்து!

டெக்சாஸிலிருந்தும் ஒரு முடிவு, இது முட்டிக்கு! ஹூஸ்டனில் படைவீரர் மருத்துவமனையில் புரூஸ் மோஸ்லி என்ற நிபுணர், தேய்ந்த முட்டியைத் துளையிட்டுச் சுத்தம் செய்யும் அறுவையைச் சோதித்தார். 180 பேர். சிலருக்கு உண்மையான அறுவை, சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்துவிட்டார்கள்! இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் இரு பிரிவுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. 2002இல் வெளிவந்த இந்த முடிவு மருத்துவ உலகையே உலுக்கியது.

மஞ்சளும் செம்மறி ஆடும்

வலிக்கு நாம் நம்பும் மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் குடலிலிருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. மிளகு சேர்ந்தால்? 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அளந்தார்கள். 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் மிளகுச் சத்து கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 2,000 சதவீதம் கூடியது! மஞ்சளும் மிளகும் தட்டிப்போட்ட ரசத்தை ஊதிக் குடிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதையே செறிவான மாத்திரையாக விழுங்குவது வேறு கதை. அத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

முடக்கத்தான் கீரை தோசை எனக்கு உயிர். எலிகளிடம் வீக்கம் குறைந்ததாக ஆய்வுகள் உண்டு; மனிதரிடம் உறுதியான சோதனைகள் குறைவு. ருசிக்காகச் சாப்பிடுங்கள், வலி குறைந்தால் சந்தோஷம். அந்தக் கொடி டெக்சாஸில் தொல்லைக் களைப் பட்டியலில் இருக்கிறது தெரியுமா! ஊரிலிருந்து விதை கொண்டுவரும் ஆசை இருந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ஊர்ப் பஸ்பம், லேகியம் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2008இல் இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது.

உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலிக்கிறதா? வைட்டமின் டி குறைந்தால் எலும்பும் தசையும் நோகும். சான்டா கிளாரா 37 டிகிரி வடக்கே இருக்கிறது, சென்னை 13. இங்கே குளிர்கால வெயில் சாய்வானது, நம் தோல் நிறத்துக்கு இன்னும் நேரம் பிடிக்கும், நாமோ கண்ணாடிக் கட்டடத்துக்குள். இப்போது சைவர்கள் காதைக் கொடுங்கள்! கடையில் விற்கும் டி3 மாத்திரை பெரும்பாலும் எதிலிருந்து வருகிறது தெரியுமா? செம்மறி ஆட்டு ரோமத்தின் பிசுக்கிலிருந்து! வேண்டாம் என்பவர்களுக்கு மரப்பாசியிலிருந்து எடுத்த டி3 கிடைக்கிறது, ‘வீகன்’ என்று எழுதியிருக்கும். பெரியவர்களுக்குப் பரிந்துரை நாளுக்கு 600 யூனிட், 70 வயதுக்கு மேல் 800. சோதித்துப் பார்க்காமல் அள்ளி விழுங்க வேண்டாம்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் வலி ஸ்பிரே கட்டாயம் இருக்கும். அதில் பலவற்றில் இருப்பது டைக்ளோஃபெனாக். இதே மருந்தை மாடுகளுக்குப் போட்டு, அந்த மாடுகளின் சடலத்தைத் தின்று, இந்தியாவின் பாறுக் கழுகுகள் 95 சதவீதத்துக்கு மேல் அழிந்தன! மாட்டுக்கு அதைத் தரக் கூடாது என்று இந்தியா 2006இல் தடை போட்டது. தமிழ்நாட்டில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியவை இன்னும் பறக்கின்றன. கழுகைக் கொன்றது அதன் சிறுநீரகம் செயலிழந்ததுதான். மனிதருக்கும் சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம், வயிற்றுப்புண் இருந்தால் வலி மாத்திரைகளில் அதே எச்சரிக்கை வேண்டும். முட்டிக்கு மாத்திரையைவிடக் களிம்பு ரத்தத்தில் குறைவாகவே சேரும். டைக்ளோஃபெனாக் களிம்பைச் சீட்டில்லாமல் விற்க இங்கே 2020 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது.

மிஷன் பீக்கில் இறங்கும்போது

சனிக்கிழமை ஃப்ரீமான்ட்டின் மிஷன் பீக் ஏறி, ஞாயிறு சும்மா இருந்து, திங்கள் காலை படி இறங்க முடியாமல் தவிக்கிறீர்களா? லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று நண்பர் சொல்வார். அது தவறு! அந்த அமிலம் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது அதன் நாரில் விழும் நுண்ணிய கீறல்கள்தான் காரணம். இதைத் தியடோர் ஹஃப் என்பவர் 1902இலேயே எழுதிவிட்டார். அதனால் ஏறுவதைவிட இறங்குவதே தொடையை வதைக்கும்! நிதானமாக, சிறு அடியாக இறங்குங்கள். அடுத்தநாள் மெல்ல நடங்கள்.

சுளுக்குக்குப் பனிக்கட்டி வைக்கச் சொல்லும் பிரபல சூத்திரத்தை 1978இல் எழுதிய கேப் மிர்கின், பனிக்கட்டி ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் தானே சொல்லிவிட்டார் தெரியுமா! முதல் சில மணி நேரம் வலி குறைய வைக்கலாம், நாள்கணக்கில் வேண்டாம்.

குளிரும் மழையும் வந்தால் முட்டி நோகும் என்கிறார்களே? அமெரிக்க முதியவர்களின் 1 கோடிக்கு மேற்பட்ட டாக்டர் வருகைகளை மழை நாட்களோடு ஒப்பிட்டு 2017இல் பார்த்தார்கள், தொடர்பே இல்லை! 2019இல் இங்கிலாந்தில் கைபேசியில் தினமும் வலியைக் குறிக்கச் சொன்னபோது ஈரப்பதத்தோடு ஒரு சிறு தொடர்பு தெரிந்தது. வெந்நீர் ஒத்தடம் இதமாக இருந்தால் கொடுங்கள். சர்க்கரையால் காலில் உணர்ச்சி மங்கியவர்கள் மட்டும் சூட்டை வேறொருவர் கையால் பார்த்துக்கொள்ளுங்கள், வெந்துபோனால்கூடத் தெரியாது.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவையும் உண்டு. காய்ச்சலோடு ஒரே மூட்டு சிவந்து சுடுவது, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காமல் வாரக்கணக்கில் நீடிப்பது, முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போவது அல்லது தொடையிடுக்கு மரத்துப்போவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது (முக்கியமாக நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு), மார்பு, தாடை, இடது தோள் சேர்ந்து அழுத்துவது. தைலத்தைத் தேடாதீர்கள். இன்ஷூரன்ஸ் கணக்கைப் பிறகு பார்க்கலாம், உடனே கிளம்புங்கள்.

தொண்ணூறு வயதில் தசை

பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் பத்துப் பேரை எடை தூக்கவைத்தார். சராசரி வயது 90! எட்டு வாரம். முடித்த ஒன்பது பேரின் தொடை வலிமை எவ்வளவு கூடியது தெரியுமா? சராசரியாக 174 சதவீதம்! தொடைத் தசையே 9 சதவீதம் பெருத்தது, நடை வேகம் 48 சதவீதம் ஏறியது! 1990இல் இது வெளியானபோது முதுமையைப் பற்றிய எண்ணமே மாறிப்போனது. 65 வயதில் சான்டா கிளாரா வந்து, ‘இனி என்ன, காலம் போச்சு’ என்று சோபாவில் சாய்ந்திருக்கும் மாமாவுக்கும் அத்தைக்கும் இதை இன்றே படித்துக் காட்டுங்கள். தொண்ணூறில் வளர்ந்த தசை அறுபத்தைந்தில் வளராதா!

ஜிம் வேண்டாம், சாப்பாட்டு நாற்காலி போதும். நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போடுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்கில் 65 முதல் 69 வயதில் பெண்ணுக்கு 11, ஆணுக்கு 12. 70 முதல் 74 வயதில் பெண்ணுக்கு 10, ஆணுக்கு 12. அதற்குக் குறைந்தால் தடுக்கி விழும் ஆபத்து கூடுதல் என்று பொருள், டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பயிற்சி தொடங்குங்கள். இன்று வந்த எண்ணை நாட்காட்டியில் எழுதி வையுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கார்ந்து எழுந்து பழகி, அடுத்த மாதம் இதே தேதியில் மறுபடி எண்ணுங்கள்!